தறிக்குடோன் பக்கத்து மூன்றாம் வகுப்பு

பள்ளி மேம்பாட்டுத் திட்டம் மறுபடியும் திரும்பி வந்திருந்தது. கூடவே ஒரே ஒரு வரி: "மாவட்ட இலக்குகளோடு பொருந்தவில்லை." எது பொருந்தவில்லை, எங்கே பொருந்தவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. தைத்த ஜாக்கெட்டைச் "சரியில்லை" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தால் டெய்லர் எந்தப் பக்கத்தைப் பிரிப்பார்? எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கேட் வரை நடந்தேன். தண்ணீர்த் தொட்டி வரை நடந்தேன். சத்துணவு அக்கா எட்டிப் பார்த்து, "என்னங்க டீச்சர், எதாச்சும் தொலைஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டார். பொறுமைதான் என்று சொல்லிவிட்டு மறுபடியும் நடந்தேன்.

சோமனூர்ப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. வீடு பீளமேட்டில். தினமும் அவிநாசி ரோட்டில் லாரிகளோடு மல்லுக்கட்டி ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். மீதி உயிரைத் திட்டம் எழுதுவதற்கென்று வைத்திருந்தேன். வருடா வருடம் பெற்றோர்களோடு உட்கார்ந்து, பள்ளிக்கு என்ன வேண்டும், பிள்ளைகள் எதில் முன்னேற வேண்டும் என்று பேசி எழுதி மேலே அனுப்ப வேண்டும். மேலே அவர்களுக்கென்று அந்த வருடத்து இலக்குகள் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் நிதி. போகாவிட்டால் அந்த ஒரு வரி.

நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ரோட்டைப் பார்த்த பக்கம் ஒரு வகுப்பறை.

எங்கள் பள்ளியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். பின்னறை ஜன்னலைத் திறந்தால் ஓடுகிற விசைத்தறி தெரியும். மூடினாலும் சத்தம் குறையாது. கூரையில் ஏறி, தரையில் இறங்கி, பெஞ்சு வழியாக உட்கார்ந்திருக்கிறவர்களின் பல்லுக்கு வந்துவிடும். அந்த அறையில்தான் மூன்றாம் வகுப்பு நடந்தது. புதிதாக வருகிறவருக்குப் பின்னறை என்பது யாரும் எழுதி வைக்காத வழக்கம். மூன்றாம் வகுப்பு டீச்சர் வந்த புதிதில் அப்படித்தான் அங்கே போனார். அப்புறம் புதிதாக யாரும் வரவில்லை. மாற்றி மாற்றி எடுக்கலாம் என்று ஒருமுறை நான் சொல்லிப் பார்த்தேன். ஆசிரியர் அறையில் அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்குத் தலையை வலிக்கும். யாரை மாற்றினாலும் சத்தம் இன்னொருவர் தலையில் விழும், அவ்வளவுதானே.

அந்த டீச்சர் கோயமுத்தூரில் ஒரு சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பாடுவார். பாடுவார் என்றால் முன்பு பாடுவார். ஒருமுறை கிறிஸ்துமஸ் சமயத்தில் கூப்பிட்டார் என்று போயிருந்தேன். பின்னறையில் மாரடிக்கிற அதே மனுஷியா என்று மலைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போதே அவருக்குக் குரல் கட்டிப் போயிருக்கும். சாயங்காலம் சைகைதான். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் தடித்துச் சின்னச் சின்னக் கட்டி விழுந்திருக்கிறது, கத்துவதை நிறுத்தாவிட்டால் இருக்கிற குரலும் போய்விடும் என்று சொல்லியிருந்தார். அடுத்த இடமாறுதல் கவுன்சலிங்குக்குள் அறை மாறாவிட்டால் வேறு பள்ளிக்கு மாறுதல் கேட்கப் போவதாக டீச்சர் என்னிடம் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சொன்னார். அவரை விட்டால் அந்த அறையில் யார் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக் கொடுப்பார்கள்?

வட்டார வள மையத்தில் ஒரு ஆசிரியர் பயிற்றுநர் இருந்தார். நல்ல மனிதர். திட்டத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"ஏனுங்க டீச்சர், ரூம் வேணும்னு எழுதினா அது கட்டடம். கட்டடம் இந்த வருஷ இலக்குல இல்லைங்க. வாசிப்புதான் இலக்கு, வாசிப்புக்குத்தான் நிதி. பசங்க வாசிப்புல பின்தங்கி இருக்காங்க, காரணம் சத்தம், அதுக்குத் தீர்வு ரூம். இப்படி எழுதுங்க, ஜம்முனு பொருந்தும்."

"எங்க மூணாங்கிளாஸ் நல்லாத்தான் படிக்குதுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நல்லாப் படிச்சா எதுக்குங்க டீச்சர் ரூம்?"

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 'இரைச்சலின் காரணமாக மூன்றாம் வகுப்பு மாணவர்கள் வாசிப்புத் திறனில் பின்தங்கியுள்ளனர்.' அப்பாடா, ஒரு வழியாகப் பொருந்திவிட்டது என்றுதான் இருந்தது.

திட்டத்தில் எல்லா ஆசிரியர்களும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாம் வகுப்பு டீச்சர் வாசித்துக்கொண்டே வந்து அந்த வரியில் நின்றார்.

"என்ர பசங்களுக்குப் படிக்க வரலைன்னு எழுதிப்போட்டீங்களா டீச்சர்?"

"உங்களுக்காகத்தானுங்க எழுதினேன்."

"அதுக்கு என்ர தொண்டை போச்சுன்னு எழுதியிருக்கலாமுங்களே."

"தொண்டைக்கு இலக்கு இல்லைங்க டீச்சர்."

அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பின்னறைக்குப் போனார். அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும்தான் பேசினார். அவர் வகுப்பைத் தாண்டும்போதெல்லாம் பார்ப்பேன். கரும்பலகையில் எழுத வேண்டியதை எல்லாம் மணியடிப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுவார். பாடம் தொடங்கினால் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டவே மாட்டார். தறிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் காதை நம்புவதில்லை, எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார்கள். டீச்சர் திரும்பிவிட்டால் வகுப்பு நூல் மாதிரி அந்து போகும். அப்படியும் கத்துவார். வாயும் வேண்டும், சத்தமும் வேண்டும். புதுச் சொல்லை உதட்டைப் பார்த்து மட்டும் படிக்க முடியாதே. இந்த வகுப்புக்கா படிக்க வரவில்லை என்று எழுதினோம் என்று மனசுக்குள் முள் மாதிரி இருக்கும். அறை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

திட்டம் இந்த முறை திரும்பவில்லை. நிதிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை. மாவட்டத்திலிருந்து ஒரு குழு வரும். பெற்றோர் முன்னிலையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கும். வாசிப்பு இலக்குக்குக் கீழே இருந்தால் சிவப்பு, நிதி உண்டு. இலக்கை எட்டியிருந்தால் பச்சை, நிதி கிடையாது. பெற்றோர் வரத் தோதான ஒரு தேதியை நாங்களே சொல்லலாம் என்றார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியைக் கூப்பிட்டேன். அந்தக் குடோனிலேயே தறி ஓட்டுகிறவர். மகள் மூன்றாம் வகுப்பு.

"ஷட்டவுன் அன்னிக்கு வெச்சுக்கலாமுங்க டீச்சர். அன்னிக்குன்னா எல்லாரும் வந்துருவாங்க."

"சரிங்க," என்றேன்.

எங்கள் பக்கம் எதற்குத் தேதி குறித்தாலும் அப்படித்தான். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்கென்று மின்சாரத்தை நிறுத்துவார்கள். தறி நிற்கும். பெண் பார்க்கப் போவது, பல்லைப் பிடுங்கிக்கொள்வது, ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, பள்ளிக்கூடத்துக் கூட்டம் எல்லாமே அன்றைக்குத்தான். அந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து நான் எந்தக் கூட்டத்தையும் வேறு நாளில் வைத்ததில்லை. பழக்க தோஷத்தில் தேதியைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

குழுவில் ஒரு அம்மாவும் ஒரு சாரும் கோயமுத்தூரிலிருந்து வந்தார்கள். பின்னறையில் சுவரை ஒட்டித் தாய்மார்கள் நிறையப் பேர், தகப்பன்மார் சிலர். எல்லோரும் உட்கார்ந்ததும் ஒரு அமைதி வந்தது. வெளியே மைனா ஒன்று கத்திக்கொண்டிருந்தது. இந்தப் பள்ளியில் மைனா இருக்கிறதா என்று நான் யோசித்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

முதல் பெண் எழுந்து அணில் கதையை வாசித்தாள். தண்ணீர் ஊற்றின மாதிரி வாசித்தாள். அடுத்தவன் இன்னும் ஒரு படி மேலே போய், அணில் பேசுகிற இடத்தில் அணில் குரலிலேயே பேசினான். அறையே சிரித்தது. டீச்சர் மூலையில் நின்று மெல்ல, "அடுத்த பத்தி, கண்ணு," என்று சொன்னார். அந்த மெல்லிய குரல் கதவருகே நின்ற எனக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது. அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. வராந்தாவுக்குப் போனேன். உள்ளே வந்தேன். மறுபடியும் போனேன். ஒவ்வொரு பிள்ளையும் நன்றாக வாசிக்க வாசிக்க ரோட்டுப் பக்கத்து அறை செங்கல் செங்கலாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை ஒரு சொல்லில் தயங்கியது. பரவாயில்லை, திக்கு, திக்கு என்று என் மனசு சொன்னது. அது சுதாரித்துக்கொண்டு வாசித்து முடித்தபோது மற்றவர்களோடு நானும் கை தட்டினேன். ஒரு தலைமையாசிரியைக்கு இப்படி ஒரு நாள் வரக்கூடாது.

மேலாண்மைக் குழுத் தலைவியின் காதருகே போய், "கரண்ட் எப்ப வருமுங்க?" என்று கேட்டேன்.

"சாயங்காலந்தானுங்க," என்றார். அவர் கண்ணெல்லாம் நீர். அவர் மகள் அப்போதுதான் வாசித்து உட்கார்ந்திருந்தாள். "என்ர புள்ள கொரல் இப்படி இருக்கும்னே இத்தனை நாளாத் தெரியலைங்க டீச்சர். ஊட்டுலயும் தறிதானுங்களே." அதற்குப் பிறகு அவரிடம் நான் என்ன கேட்பது?

கிளம்பும்போது மாவட்டத்திலிருந்து வந்த அம்மா திட்டத்தைப் புரட்டிக்கொண்டே, "இரைச்சல்னு போட்டிருக்கீங்களே, எங்கேங்க?" என்று கேட்டார்.

"இன்னிக்கு ஷட்டவுனுங்க மேடம். நாளைக்கு வந்து பாருங்க, நாங்க பேசறது உங்களுக்குக் கேக்காதுங்க."

வீட்டுப்பாட நோட்டை மறந்துவிட்டேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்து நான் எப்படிச் சிரிப்பேனோ, அப்படிச் சிரித்துவிட்டு அவர் காரில் ஏறினார்.

அன்று சாயங்காலம் டீச்சர் பல நாளைக்குப் பிறகு என் அறைக்கு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தீங்களா டீச்சர்? என்ர பசங்களைப் பாத்தீங்களா? இன்னிக்கு நான் கத்தவே இல்லைங்க."

"பாத்தேனுங்க," என்றேன். பச்சை வரப்போகிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பச்சைதான் வந்தது. பின்தங்கிய நிலையிலிருந்து குறுகிய காலத்தில் இலக்கை எட்டிய பள்ளி என்று பாராட்டு வேறு. பின்தங்கியதாக எழுதினதே நான்தானே. பரிசாக ஒரு ஸ்மார்ட் போர்டு உண்டு என்றார்கள். அறைக்கான நிதி வேறொரு பள்ளிக்குப் போனது. அங்கே நிஜமாகவே பிள்ளைகளுக்குப் படிக்க வரவில்லையாம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. விஷயத்தைச் சொன்னபோது டீச்சர், "அப்ப ரூமுங்க?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவரும் தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போனார்.

எனக்குத்தான் ஆறவில்லை. மறு ஆய்வு கேட்டு மேலே எழுதினேன். வருடத்துக்கு ஒருமுறைதான் என்று பதில் வந்தது. ஆசிரியர் பயிற்றுநரிடம் போய்க் கத்தினேன். அவர் பாவம், டீ வாங்கிக் கொடுத்தார். "பச்சை வந்துட்டா இறக்கறதுக்கு வழியே கிடையாதுங்க டீச்சர்," என்றார்.

கோயமுத்தூரில் தலைமையாசிரியர்கள் ஆய்வுக் கூட்டம் வந்தது. ஏசி போட்ட பெரிய அரங்கம். பச்சை வந்த பள்ளிகளை மேடைக்குக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். என்னிடம் மைக்கைக் கொடுத்து, "அவ்வளவு இரைச்சலிலும் எப்படிச் சாதித்தீர்கள் என்று சொன்னால் மற்ற பள்ளிகளும் அந்த வழிமுறையைப் பின்பற்றலாம்," என்றார் மேடையில் இருந்த அதிகாரி. நான் வீட்டில் ஒரு பேச்சு எழுதி வைத்திருந்தேன். அதை எடுக்கவில்லை.

"எங்க மூணாங்கிளாஸ் டீச்சர் தொண்டையைக் குடுத்துட்டாங்க சார். வேற வழிமுறை ஒண்ணும் இல்லைங்க."

அரங்கமே சிரித்துக் கை தட்டியது. அதிகாரி மைக்கை வாங்கி, "ஆசிரியரின் அர்ப்பணிப்பு, எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்," என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் நிஜமாகவே குறித்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது சிக்னலில் பின்னால் ஹாரன் அடித்த ஒரு காரைப் பார்த்து நான் ஏதோ சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

மறுநாள் காலை மணியடிப்பதற்கு முன்பு டீச்சர் மாறுதல் விண்ணப்பத்தோடு என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி, தொண்டையை அழுத்தாமல் காற்றுக் குரலில் பேசினார்.

"உங்க மேல கோவமில்லைங்க டீச்சர். நீங்க அலைஞ்சது எனக்குத் தெரியும். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு எடம் காலியா இருக்குதாமுங்க. போற பக்கம் ரோடாவது சத்தம் போடட்டும், தறி வேண்டாமுங்க. பசங்களைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை. அடுத்த வருஷம் வர்றவங்ககிட்ட, திரும்பி நின்னு பேசாதீங்கன்னு மட்டும் சொல்லிருங்க."

அவர் பேசி முடித்தார். பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவு நேரமாக ஒருமுறைகூட நான் "என்னங்க?" என்று கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுக்கவில்லை. அன்று ஷட்டவுனும் இல்லை, காலை ஷிப்டுக்குத் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அது எங்கேயோ ஓடியது. இடையில் மற்ற வகுப்புகள், மைதானம், இரண்டு வராந்தா. என் அறை கேட்டுக்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தது. வருடக்கணக்காக நான் அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டிருந்த அறைக்குள் உட்கார்ந்துதான் அறை வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு பீரோ, ஒரு கம்ப்யூட்டர், விளையாட்டு விழாக் கோப்பைகள், எப்போதாவது வரும் விருந்தாளிகளுக்கு வரிசையாக நாற்காலிகள். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

"இந்த ரூம்ல உங்க பசங்க கொள்ளுவாங்களாங்க?"

நான் பேச்சை மாற்றுவதாக அவர் நினைத்தார். மறுபடியும் கேட்டேன். அவர் மெதுவாகத் திரும்பி அறையை அளந்தார். "பீரோவை எடுத்தாக் கொள்ளுவாங்க. நெருக்கித்தான் உக்காரணும். நீங்க எங்க போவீங்க?"

"எனக்குப் பின்னால எடம் இருக்குதுங்களே."

அந்த வாரமே மாற்றினோம். தறிக்குடோனிலிருந்து தகப்பன்மார்கள் வந்து பீரோவைத் தூக்கினார்கள். ஒரு பீரோ கதவில் மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கமும் வராமல் அந்தப் பக்கமும் போகாமல் அரை நாள் உயிரை எடுத்தது. ஸ்மார்ட் போர்டு வந்து இறங்கியபோது மாட்ட வேறு சுவர் இல்லாமல் பின்னறையில், என் தலைக்கு மேலேயே மாட்டிவிட்டார்கள். எதிரே பெஞ்சு போட்டு, வகுப்பு வகுப்பாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அது பேசும், யாருக்கும் கேட்காது. அடுத்த வருடத் திட்டத்தைப் பற்றி ஆசிரியர் பயிற்றுநர் போன் செய்தார். "பின்னால என்னங்க டீச்சர் சத்தம்?" என்றார். தறி என்று கத்தினேன். "தலைமையாசிரியர் அறை கேட்டுக்குப் பக்கத்துல இருக்கறதுதானுங்களே முறை? கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று அவரும் கத்தினார்.

"கேக்கலைங்க சார்," என்றேன். எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

கவுன்சலிங் தேதி வந்தது, போனது. டீச்சர் போகவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவும் இல்லை. சர்ச்சில் இன்னும் பாடுவதில்லை. கட்டி கரைய நாளாகும், கரையாமலும் போகலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளும்போது எழுந்து நடப்பேன்.

அப்படி நடந்த ஒரு நாள், கேட் பக்கம் போனேன். என் பழைய அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. இத்தனை வருடம் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அவர் கத்துவது தறிக்கு மேலே எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது கதவுக்கு வெளியே நிற்கிறேன், ஒன்றும் இல்லை. டீச்சர் வரவில்லை போல, பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு யார் எங்கே போனார்கள் என்று சுர்ரென்று ஏறியது. கதவைத் தள்ளினேன்.

டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எழுதிக்கொண்டே, அடுத்த வரியை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளைகூட அவர் வாயைப் பார்க்கவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கதவுச் சத்தத்துக்கு அவர் திரும்பினார். "என்னங்க டீச்சர்?"

"ஒண்ணுமில்லைங்க, சும்மாதான் வந்தேன்," என்றேன். பின்னறையில் பேசுகிற மாதிரியே பேசிவிட்டேன் போல. முதல் வரிசையில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் உதட்டில் விரலை வைத்தார். "மெதுவாப் பேசுங்க டீச்சர்," என்றார். "இங்க கேக்குதுங்க."